காரைக்குடியில் இருந்துகொண்டே குளிர்ந்த பழுப்புக் குறுமீன்களைத் தேட முடியுமா?

கேள்வி சுருக்கமாக இது: காரைக்குடிப் பக்கம் இயற்பியல் இறுதியாண்டு படிக்கும் நான்கு பேர். கையில் இரண்டு லேப்டாப், செல்போன் ஹாட்ஸ்பாட். அருகிலுள்ள விண்மீன்களுக்குத் துணையாக இருக்கும் குளிர்ந்த பழுப்புக் குறுமீன்களை (விண்மீனாக எரிய நிறை போதாமல் ஆறிப்போகும் பொருள்களை) தேடுவதை புராஜெக்டாக எடுக்கலாமா? எட்டு அங்குல டெலஸ்கோப் வாங்க வேண்டுமா? எங்கே தொடங்குவது?

புராஜெக்டைத் தாராளமாக எடுங்கள். டெலஸ்கோப் வேண்டாம். இதற்கு வேண்டிய படங்கள் எல்லாம் ஏற்கெனவே எடுத்து, இலவசமாக இணையத்தில் கிடக்கின்றன. ஒரு மங்கலான புள்ளி எந்த விண்மீனோடு சேர்ந்து நகர்கிறது என்று பல ஆண்டுப் படங்களில் பார்ப்பதுதான் உங்கள் வேலை. புள்ளியைக் கண்டுபிடிப்பது அதில் சிறிய பங்கு. கண்டுபிடித்த புள்ளிகளில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஏன் தப்பு என்று காட்டித் தள்ளுவதுதான் பெரும் பங்கு.

டெலஸ்கோப் ஏன் உதவாது? பழுப்புக் குறுமீனின் நிறை வியாழனைப் போல் ஏறத்தாழ 13 மடங்கிலிருந்து 75-80 மடங்கு வரை. மையத்தில் ஹைட்ரஜன் நிலையாக எரியும் அளவுக்கு நிறை போதாது. எனவே பிறந்தபோது இருந்த சூட்டை இழந்துகொண்டே ஆறிப்போகும். ஆறும் வரிசையில் எல், டி, ஒய் என்று வகை பிரிக்கிறார்கள். டி வகை சுமார் 1300 கெல்வினில் தொடங்கும். 500 கெல்வினுக்குக் கீழே ஒய். இதுவரை தெரிந்ததில் மிகக் குளிர்ந்தது 2014-ல் கெவின் லூமன் அறிவித்த வைஸ் 0855-0714. சுமார் 7.4 ஒளியாண்டு தூரம், வெப்பநிலை 250 முதல் 285 கெல்வின். காரைக்குடி மார்கழி விடியல்கூட அதைவிடச் சூடு. இப்படிப்பட்ட பொருள் தரும் ஒளியில் நமக்குச் சிக்கக்கூடியது 4 முதல் 5 மைக்ரான் அகச்சிவப்பில்தான். கடையில் கிடைக்கும் கேமராவின் சிலிக்கான் 1 மைக்ரானோடு குருடாகிவிடும். அப்படியே அகச்சிவப்புக் கேமரா கிடைத்தாலும், காற்று, குழாய், கண்ணாடி, மொட்டை மாடித் தரை எல்லாமே 300 கெல்வினில் அதே அலைநீளத்தில் ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

அதனால்தான் வைஸ் விண்கலம். 40 செ.மீ. கண்ணாடி, 2009 டிசம்பரில் ஏவியது. நான்கு பட்டைகளில் படம் எடுத்தது. உங்களுக்கு முக்கியம் இரண்டு: 3.4 மைக்ரான் (டபிள்யூ1), 4.6 மைக்ரான் (டபிள்யூ2). குளிர்ந்த வளிமண்டலத்தில் இருக்கும் மீத்தேன் 3.3 மைக்ரான் சுற்றுவட்டாரத்தில் ஒளியை விழுங்கிவிடும், 4.6 பக்கம் ஒளி தப்பி வெளியே வரும். ஆக, டபிள்யூ2-ல் தெரிந்து டபிள்யூ1-ல் மங்கிப்போகும் புள்ளிதான் நம் ஆள். இரண்டு பட்டைப் பொலிவெண்களின் (எண் பெரிதானால் பொருள் மங்கல்) வித்தியாசம் 2-க்கு மேல் போனால் பொதுவாக டி6 (ஒரு வகைக்குள் எண் ஏற ஏறக் குளிர்ச்சி கூடும்) அல்லது அதைவிடக் குளிர்ந்தது. ஒய் வகையில் 4-ஐத் தாண்டும்.

குளிரூட்டி 2010-ல் தீர்ந்தது. இந்த இரண்டு பட்டைகள் மட்டும் அதன் பிறகும் வேலை செய்தன. 2011 பிப்ரவரியில் கலத்தைத் தூங்க வைத்து, 2013 இறுதியில் எழுப்பி, 2024 ஜூலை முடிய ஓட்டினார்கள். வானத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு படம், நடுவில் மூன்று ஆண்டு ஓட்டை. அந்த ஓட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக நகரும் பொருள் அங்கே ஒரே தாவாகத் தாவும்.

தனியாகத் திரியும் குறுமீனை விட விண்மீனோடு ஒட்டியிருப்பதற்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதை புராஜெக்ட் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பழுப்புக் குறுமீன் ஆறிக்கொண்டே இருப்பதால், ஒரே வெப்பநிலையை இளவயது லேசான பொருளும் காட்டும், வயதான கனத்த பொருளும் காட்டும். தனியாக இருந்தால் எது என்று பிரிக்க வழி குறைவு. பக்கத்தில் விண்மீன் இருந்தால் தூரம் கையியா தொலைநோக்கித் தரவிலிருந்து சுளையாகக் கிடைக்கும். வயதும் உலோக அளவும் விண்மீனின் நிறமாலையிலிருந்து வரும். இரண்டும் ஒரே மேகத்தில் பிறந்தவை என்பதால் அதே எண்கள் குறுமீனுக்கும் பொருந்தும்.

கிளீஸ் 229பி நல்ல எடுத்துக்காட்டு. 19 ஒளியாண்டு தூரம், 1995-ல் அறிவிக்கப்பட்டது, மீத்தேன் தெரிந்த முதல் பழுப்புக் குறுமீன். பிறகு, அது தன் விண்மீனை இழுக்கும் அளவை வைத்து நிறையைக் கணக்கிட்டபோது வியாழனைப் போல் சுமார் 70 மடங்கு என்று வந்தது. அவ்வளவு கனத்த பொருள் அவ்வளவு மங்கலாக இருக்க வழியில்லை. கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. 2024-ல் விடை வந்தது: அது ஒன்றல்ல, 38, 34 வியாழன் நிறையுள்ள இரண்டு, 12 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. விண்மீன் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் இந்த முரண்பாடே கண்ணில் பட்டிருக்காது.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் விண்மீன் பட்டியல். கையியா மூன்றாம் வெளியீட்டில் (2022) இடமாறு தோற்றம் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் அளவு; கிட்டே இருந்தால் பெரிது) 50 மில்லி ஆர்க்செகண்டுக்கு மேல் என்று கேளுங்கள்; 20 பார்செக், அதாவது 65 ஒளியாண்டுக்குள் இருப்பவை வரும். ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு. அதில் தனி நகர்வு (வானத்தில் விண்மீன் ஆண்டுதோறும் நகரும் அளவு) ஆண்டுக்கு 0.3 ஆர்க்செகண்டுக்கு மேல் உள்ளவற்றை முதலில் எடுங்கள். வைஸ் படத்தின் ஒரு பிக்சல் 2.75 ஆர்க்செகண்ட், 0.3 என்றால் பதினான்கு ஆண்டில் சுமார் ஒன்றரை பிக்சல் நகரும், கண்ணுக்குத் தெரியும். பால்வீதித் தளத்திலிருந்து 15 பாகைக்குள் இருப்பவற்றை ஆரம்பத்தில் விட்டுவிடுங்கள். அங்கே நெரிசலில் எதுவும் எதோடும் ஒட்டியதாகத் தெரியும். செங்குறுமீன்களையும் வெண்குறுமீன்களையும் சேருங்கள். வெளிச்சமான சூரிய வகை விண்மீன்களைச் சுற்றி ஏற்கெனவே பலர் சலித்தாயிற்று.

அடுத்து எவ்வளவு தூரம் தேடுவது. கிட்டே பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். வைஸ் படத்தில் ஒரு புள்ளியின் அகலமே 6 ஆர்க்செகண்ட். விண்மீனுக்குப் பக்கத்தில் எதுவும் பிரியாது. கிட்டத்தில் தேடுவது கரோனாகிராஃப் (விண்மீனின் ஒளியை மறைக்கும் கருவி) பொருத்திய பெரிய தொலைநோக்கிகளின் வேலை. உங்கள் களம் வெளியே. 10,000 வானியல் அலகு (ஓர் அலகு பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) வரை தேடுங்கள்; அதைப் பார்செக்கால் வகுத்தால் ஆர்க்செகண்ட் கிடைக்கும். 20 பார்செக்கில் 500 ஆர்க்செகண்ட், 10 பார்செக்கில் 1000, அதாவது முழுநிலவின் பாதி அகலத்துக்கும் சற்று மேல். 'இவ்வளவு தள்ளியா?' என்று தோன்றும். எப்சிலான் இண்டியின் துணை 402 ஆர்க்செகண்ட் தள்ளி இருக்கிறது (2003). கிளீஸ் 570டி 258 ஆர்க்செகண்ட் (2000). ராஸ் 19பி 9,900 வானியல் அலகு தள்ளி. பேக்யார்ட் வேர்ல்ட்ஸ் என்ற பொதுமக்கள் திட்டத்தில் 2021-ல் அறிவிக்கப்பட்டது. வெண்குறுமீன் ஒன்றைச் சுற்றும் டபிள்யூடி 0806-661பி கூட 2,500 வானியல் அலகு தள்ளியே கிடைத்தது (2011).

மூன்றாவது, வைஸ் படங்களிலிருந்து தொகுத்த கேட்வைஸ்2020 அட்டவணை. 189 கோடி பொருள்கள். முழுதாக இறக்க முயலாதீர்கள், ஹாட்ஸ்பாட் தாங்காது. விசியர் அல்லது இர்சா தளத்தில் ஒவ்வொரு விண்மீனைச் சுற்றியும் வட்டம் போட்டுக் கேட்டால் சில ஆயிரம் வரிசைகள்தான் வரும். டாப்கேட் என்ற இலவச மென்பொருள் போதும். பைதான் தெரிந்தால் ஆஸ்ட்ரோகொரி என்ற நிரல் தொகுப்பு. வடிகட்ட: நிற வித்தியாசம் (டபிள்யூ1 பொலிவெண்ணில் டபிள்யூ2-ஐக் கழித்தது) 1.5-க்கு மேல், டபிள்யூ2 பொலிவெண் 16-க்குள், தனி நகர்வு விண்மீனுடையதோடு மூன்று சிக்மாவுக்குள் (சிக்மா என்பது அளவீட்டுப் பிழையின் அளவு) பொருந்த வேண்டும்.

இங்கே மூன்று இடத்தில் சறுக்கும்.

ஒன்று: டபிள்யூ1-ல் தெரியவே தெரியாத பொருளுக்கு அந்தக் கட்டம் காலியாகவோ வெறும் எல்லை மதிப்பாகவோ இருக்கலாம். 'வித்தியாசம் 1.5-க்கு மேல்' என்று வடிகட்டினால் காலிக் கட்டங்கள் சத்தமில்லாமல் விழுந்துவிடும். நீங்கள் தேடிப்போன மிகக் குளிர்ந்ததையே தூக்கி எறிந்திருப்பீர்கள். காலிக் கட்டங்களைத் தனி அட்டவணையாக ஒதுக்கிப் பாருங்கள்.

இரண்டு: காலம். கையியா நிலைகள் 2016 தொடக்கத்துக்கானவை, கேட்வைஸ் 2015 நடுவுக்கு, டூமாஸ் என்ற பழைய அகச்சிவப்பு வான அளவீட்டின் படங்கள் 1997 முதல் 2001 வரை. எப்சிலான் இண்டி ஆண்டுக்கு 4.7 ஆர்க்செகண்ட் ஓடுகிறது. பதினாறு ஆண்டில் 75 ஆர்க்செகண்ட். காலத்தைத் திருத்தாமல் இரண்டு ஆர்க்செகண்ட் வட்டத்தில் பொருத்தினால் எதுவும் பொருந்தாது.

மூன்று: பிழை எல்லையைக் கண்மூடித்தனமாக இறுக்குவது. மங்கலான பொருளுக்குக் கேட்வைஸ் நகர்வின் சிக்மா பெரிது. எண்ணை மட்டும் பார்த்து 'பொருந்தவில்லை' என்று தள்ளாதீர்கள். மிக அருகிலுள்ள இணையில் சுற்றுப்பாதை வேகமும் சேரும். எப்சிலான் இண்டி போன்ற 1,460 வானியல் அலகு இணையில் அது வினாடிக்கு முக்கால் கி.மீ. அளவு, அந்தத் தூரத்தில் ஆண்டுக்கு 0.04 ஆர்க்செகண்ட் வித்தியாசம் காட்டும். விண்மீனின் கையியா 'ரூவே' எண் (அளவீடு ஒற்றை விண்மீனுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டுவது) 1.4-க்கு மேல் இருந்தால், அதற்கே ஒரு மறைந்த துணை இருந்து நகர்வைக் கோணலாக்கியிருக்கலாம். அதற்கும் இடம் விடுங்கள்.

வடிகட்டியதில் தேறியவற்றை வைஸ்வியூ தளத்தில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். ஆயத்தொலைவைக் கொடுத்து 120 ஆர்க்செகண்ட் சட்டம் வைத்தால், 2010 முதல் உள்ள படங்கள் திரைப்படம்போல ஓடும். குளிர்ந்த பொருள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். உண்மையான பொருள் ஒரே திசையில், ஒரே வேகத்தில், கடைசிப் படம் வரை போகும். 2010-க்கும் 2014-க்கும் நடுவே மட்டும் தாவும். ஒரு சட்டத்தில் பளிச்சென்று வந்து அடுத்ததில் காணாமல் போவது காஸ்மிக் கதிர். இடத்தை விட்டு அசையாமல் வெளிச்சம் மட்டும் ஏறி இறங்குவது மாறொளி விண்மீன் அல்லது தொலைதூர விண்மீன் மண்டலம். கறுப்பும் வெளுப்பும் ஒட்டிய இரட்டைப் பொட்டு வந்தால், கழித்த படத்தில் சாதாரண விண்மீன் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

துணை தேடுபவர்களை மட்டுமே ஏமாற்றும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வெளிச்சமான விண்மீனைச் சுற்றிக் கண்ணாடியிலும் லென்ஸிலும் பட்டுத் தெறிக்கும் பேய்ப்பிம்பங்கள், ஒளிக்கோடுகள், வளையங்கள் எல்லாம் விண்மீனோடு ஒட்டியவை. விண்மீன் நகர்ந்தால் அவையும் அதே திசையில், அதே வேகத்தில், பிசகாமல் நகரும்! நீங்கள் வைத்த சோதனையே அவற்றுக்கு நூற்றுக்கு நூறு போட்டுவிடும். பிடிக்க வழி: விண்கலம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தை எதிர்த்திசையில் வருடிக்கொண்டு போகும். எனவே ஒற்றைப்படைப் படங்களைத் தனியாக, இரட்டைப்படைப் படங்களைத் தனியாக அடுக்குங்கள். இரண்டு அடுக்கிலும் அதே இடத்தில் இருந்தால் நல்லது. ஓர் அடுக்கில் இருந்து மற்றதில் பக்கம் மாறினால் கருவிக் கோளாறு. இன்னொரு தொலைநோக்கியின் படத்திலும் தெரிகிறதா என்று பார்ப்பதே இறுதிச் சான்று.

அந்த இரண்டாவது தொலைநோக்கிக்கு யூகேஐஆர்டி, விஸ்டா அளவீடுகளின் ஜே பட்டைப் படங்கள் (1.25 மைக்ரான்) நல்லவை, டூமாஸ் மங்கலானதைப் பிடிக்காது. டி8 பக்கம் ஜே பொலிவெண் டபிள்யூ2-ஐ விட 3 அளவு மங்கும், ஒய் வகையில் 5-க்கு மேல். வைஸ் 0855-ல் 11 வரை போகிறது. ஆகவே ஜே-யில் தெரியவில்லை என்பதற்காகத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் பழைய புகைப்படத் தட்டுகளின் சிவப்புப் படத்தில் பளிச்சென்று தெரிந்தால் அது குளிர்ந்ததே அல்ல. 12 மைக்ரானில் திடீரென்று எக்கச்சக்கமாக ஒளிர்ந்தால் தூசி மூடிய விண்மீன் மண்டலம் அல்லது முதிர்ந்த செம்பெருமீன் என்று சந்தேகப்படுங்கள்.

பிறகு பொலிவுச் சோதனை. நிறத்திலிருந்து வகையை ஊகித்து, அந்த வகைக்கு உரிய தனிப்பொலிவோடு (10 பார்செக்கில் வைத்தால் தெரியும் பொலிவு) விண்மீனின் தூரத்தை வைத்துப் பாருங்கள். டபிள்யூ2-ல் தனிப்பொலிவெண் டி7.5-க்குச் சுமார் 13, டி9-க்குச் சுமார் 14, வைஸ் 0855-க்கு 17. இருபது பார்செக்கில் இதோடு 1.5 கூட்டிக்கொள்ளுங்கள். டி7.5 என்றால் 14.5-ல் தெரிய வேண்டும். 16-ல் தெரிந்தால் அது விண்மீனுக்கு வெகு பின்னால் இருக்கிறது, அல்லது வகையைத் தப்பாக ஊகித்திருக்கிறீர்கள். இதே கணக்கு தேடலின் எல்லையையும் சொல்லிவிடும். கேட்வைஸ் டபிள்யூ2-ல் 17.5 வரைதான் இறங்கும். வைஸ் 0855 மாதிரி ஒன்றை 12 பார்செக்குக்கு மேல் அதில் பார்க்கவே முடியாது. 'தேடினோம், இல்லை' என்று எழுதும்போது எந்த வெப்பநிலை வரை, எந்தத் தூரம் வரை இல்லை என்று சேர்த்து எழுதினால்தான் அந்த வாக்கியத்துக்குப் பொருள் உண்டு.

இத்தனையும் தேறினாலும் தற்செயல் பொருத்தமாக இருக்கலாம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஒரே வேகத்தில் போகிற இரண்டு பேர் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டியதில்லை. ஏபி டொராடஸ் போன்ற இளம் நகரும் குழுக்களில் இதே நிலைமை. பத்துக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்தாற்போல் போகின்றன, அவை ஒன்றையொன்று சுற்றுவதில்லை. தற்செயலை அளக்க எளிய வழி: உங்கள் விண்மீன் பட்டியலின் நிலைகளை மட்டும் இரண்டு மூன்று பாகை தள்ளி வைத்து, நகர்வையும் தூரத்தையும் மாற்றாமல் அதே தேடலை மறுபடி ஓட்டுங்கள். அங்கே துணை என்று எதுவும் இருக்க முடியாது. அப்படியும் எத்தனை 'துணை' விழுகிறதோ அதுவே உங்கள் பொய் எண்ணிக்கை. உண்மைப் பட்டியலில் நான்கும் போலியில் மூன்றும் வந்தால் பேசாமல் நிபந்தனைகளை இறுக்குங்கள்.

புராஜெக்டுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இன்னும் எளிய வேலை. புதுப் புள்ளி தேடாமல், ஏற்கெனவே தெரிந்த டி, ஒய் குறுமீன்களின் பட்டியலை கையியா விண்மீன்களோடு ஒப்பிடுங்கள். காக்கனட்ஸ்-2பி என்பதன் கதை இதுதான்: 2011-லேயே தனிக் குறுமீனாகப் பதிவான பொருள். 594 ஆர்க்செகண்ட் தள்ளி, 10.9 பார்செக்கில், எல் 34-26 என்ற செங்குறுமீன் இருந்தது. இரண்டும் ஆண்டுக்குச் சுமார் 0.2 ஆர்க்செகண்ட் ஒரே திசையில் நகர்கின்றன, தூரமும் ஒன்றே. பெருக்கினால் 6,471 வானியல் அலகு. ஒரு சுற்றுக்குச் சுமார் 11 லட்சம் ஆண்டு. இதை ஒரு குழு சேர்த்துப் பார்த்து அறிவித்தது 2021-ல். நிறை வியாழனைப் போல் ஆறு மடங்குதான் என்பதால் அதைக் கோள் என்றே பலர் எழுதுகிறார்கள். அந்தச் சண்டைக்குள் நீங்கள் போக வேண்டாம். 20 பார்செக்குக்குள் விண்மீன்களும் பழுப்புக் குறுமீன்களும் சேர்ந்து சுமார் 3,600. லேப்டாப்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

பாதை சரியா என்று பார்க்க, முதல் வாரம் தெரிந்த இணைகளையே உங்கள் நிரலுக்குக் கொடுங்கள்: கிளீஸ் 570டி, எப்சிலான் இண்டி, ராஸ் 19பி. அவை வடிகட்டியில் தேறாமல் விழுந்தால் குற்றம் வானத்தில் இல்லை, நிரலில். எப்சிலான் இண்டிக்கு ஒரு சரிபார்ப்புக் கணக்கும் உண்டு: 4.74 (அலகு மாற்றும் எண்) பெருக்கல் ஆண்டு நகர்வு 4.7 பெருக்கல் தூரம் 3.64 பார்செக், வினாடிக்கு சுமார் 81 கி.மீ. குறுக்கு வேகம். அந்தத் துணை உண்மையில் நெருங்கிய இரண்டு குறுமீன்கள், வெளிச்சமானது டி1 வகைதான், நிற வித்தியாசம் 1.5-ஐ எட்டாது, நிற வடிகட்டியில் அது விழுவது நியாயமே, நகர்வு வடிகட்டியில் விழக் கூடாது.

நேரில் பார்க்க ஆசை என்றால் அதையும் செய்யலாம். துணை தெரியாது, தலைவனைப் பார்க்கலாம். செட்டிநாட்டிலிருந்து எப்சிலான் இண்டி தெற்கு அடிவானத்துக்கு மேல் 23 பாகை வரை ஏறும். புரட்டாசிக் கடைசியில் இரவு எட்டரை, ஒன்பது மணிக்குத் தெற்கே பளிச்சென்று தெரியும் அல்நாயர் விண்மீனிலிருந்து நேர் கீழே பத்துப் பாகை. பொலிவெண் 4.7, கானாடுகாத்தான் பக்கம் ஊர் விளக்குகளைத் தாண்டிய பொட்டலில் கண்ணுக்கே கிடைக்கும், காரைக்குடி ஊருக்குள் பைனாகுலர் வேண்டும். ஐப்பசி அடைமழை பிடித்தால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான்.

நல்ல வேட்பாளர் சிக்கினால் முதலில் வான்பொருள்களின் பதிவேடான சிம்பாட் தளத்தில் ஏற்கெனவே பதிவானதா என்று பாருங்கள். பிறகு பேக்யார்ட் வேர்ல்ட்ஸ் திட்டத்தின் படிவத்தில் அனுப்புங்கள். 2017-லிருந்து நடக்கிறது, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள். அனுப்பும்போது ஆயத்தொலைவோடு அது எந்த ஆண்டுக்கானது என்பதும், இரு பட்டைப் பொலிவும், நகர்வும் பிழையும், விண்மீனின் கையியா எண்ணும், வைஸ்வியூ இணைப்பும் இருக்கட்டும். உறுதி செய்ய அகச்சிவப்பு நிறமாலை வேண்டும்: 1.6, 2.2 மைக்ரானில் மீத்தேன் பள்ளம் தெரிய வேண்டும். ஓரளவு வெளிச்சமானவற்றுக்கு நைனிடால் அருகே தேவஸ்தலில் உள்ள 3.6 மீட்டர் தொலைநோக்கியின் டான்ஸ்பெக் கருவி உண்டு. மங்கலானவை கெக், ஜெமினி போன்ற 8-10 மீட்டர்களுக்குத்தான் போகும். நேரம் கேட்டு விண்ணப்பிக்க ஆராய்ச்சியாளர் ஒருவர் துணை வேண்டும், அந்த வரிசை மாதக்கணக்கில் நீளும். எனவே புராஜெக்ட் தலைப்பில் 'கண்டுபிடிப்பு' என்று போடாமல் 'வேட்பாளர்கள்' என்று போடுங்கள். வாய்மொழித் தேர்வில் வரும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.